பதினெட்டுப் பம்பு

செவ்வாய்க்கிழமை காலை ஜோகூரின் லாயாங் லாயாங் ஊரிலிருந்து அம்மா ஒரு கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் செய்தி: "ஏஞ்சலு, மலாயில என்னமோ எழுதிருக்காங்க. தேதி குடுத்துட்டாங்களா பாரு."

தேதி கொடுக்கவில்லை. கதவைச் சாத்தியிருந்தார்கள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் களைக்கொல்லி அடித்த பெண்களுக்கு ஒரு மருத்துவக் குழு நுரையீரல் பரிசோதனை செய்கிறது. ஸ்கேன், நிபுணர், தொடர்ந்து சிகிச்சை எல்லாம் உண்டு. கேள்விப்பட்ட அன்றே அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். அவள் பெயர் டொரத்தி, வயது அறுபத்து மூன்று. தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் முதுகில் பம்பு கட்டி மருந்து அடித்தவள். இப்போது மாதா கோயில் படிக்கட்டு ஐந்தை ஏற இரண்டு முறை நிற்கிறாள்.

கடிதம் இப்படிச் சொன்னது: 2011ஆம் ஆண்டு ஆய்வின்படி டொரத்தி என்பவர் களைக்கொல்லி வேலையில் இருந்தவர் அல்லர். அவருக்கு அப்போதே நாள்பட்ட ஆஸ்துமா இருந்திருக்கிறது. ஆகவே பட்டியலில் சேர்க்க முடியாது. ஆட்சேபம் இருந்தால் ஆய்வாளரின் திருத்தக் கடிதத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கலாம்.

அம்மாவுக்கு இளைப்பு வந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். 2011இல் அவள் மாட்டைப்போல் உழைத்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை கோபம்தான் மிஞ்சியது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த 2011 ஆய்வைச் செய்தவர் டாக்டர் சுகுமாறன். என் ஆராய்ச்சி நெறியாளர். அவருடைய அறை என் அறைக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஏஞ்சலா, இருப்பது பெர்மாஸ் ஜெயாவில். பத்து வருடம் சிறுதோட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்துவிட்டு, முப்பத்தாறு வயதில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவள். பாடம் விவசாய விரிவாக்கக் கல்வி. ஆராய்ச்சிக்கூடத்தில் தெரிந்ததை மண்ணில் நிற்பவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதுதான் படிப்பு. கூடவே ஆப்பிரிக்கவியலும் உண்டு. கானாவிலும் ஜோகூரிலும் செம்பனை வேலை செய்யும் பெண்களுக்கு மருந்தடிக்கும் பயிற்சி போய்ச் சேர்ந்ததா என்று ஒப்பிடுவது என் ஆய்வு. "ஆப்பிரிக்காவைப் படிச்சு என்னடி கிழிக்கப் போற?" என்று கோயிலில் கேட்காத ஆள் இல்லை. நம்மைச் சோறு போட்டு வளர்த்த மரமே அங்கிருந்து வந்ததுதான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

என் அறையைப் பகிர்ந்துகொள்பவள் அகொசுவா. கானாக்காரி, முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவள் ஊரைச் சுற்றியும் செம்பனைதான். எனக்கும் அவளுக்கும் ஆங்கிலம்தான் பாலம். ஆனால் ஆறு மாதத்தில் "சாப்டாச்சா லா" என்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அன்று நான் மேசையைக் குத்திய குத்தில் அவளுடைய தேநீர் சிந்தியது.

"முதலில் உன் அம்மாவின் படிவத்தைப் பார்" என்றாள். "பெட்டி இங்கேதானே இருக்கிறது?"

இருந்தது. 2011 ஆய்வின் கேள்வித்தாளையே மொழிபெயர்த்து அடுத்த மாதம் கானாவில் கேட்கப் போகிறார்கள். அதற்குத் தயார் செய்வதற்காகப் பழைய படிவங்கள் அத்தனையையும் டாக்டர் எங்கள் அறையில்தான் போட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். இரண்டு வாரமாக என் காலடியில் கிடந்தது அந்தப் பெட்டி.

நாற்பத்தொன்றாம் எண் அம்மாவுடையது. கீழே அவளுடைய கட்டைவிரல் ரேகை.

பதினொன்றாம் கேள்வி: "தாங்கள் தொடர்ந்து மருந்து எடுத்து வருகிறீர்களா? ஆம் எனில் எத்தனை ஆண்டுகள்? ஒரு நாளைக்கு எவ்வளவு?"

ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதிய கேள்வி. எங்கள் தோட்டத்தில் யாரும் மருந்தை 'எடுக்க' மாட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்து குடிப்பார்கள், மாத்திரை போடுவார்கள். மருந்து எடுப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். காலையில் ஸ்டோருக்குப் போய்க் களைக்கொல்லியை வாங்கித் தோம்பு என்கிற பீப்பாயில் ஊற்றிக்கொண்டு வருவது.

அம்மா சொன்னதைக் கேட்டு எழுதிய மாணவன் அப்படியே எழுதியிருந்தான்: "ஆமா. 22 வருசம். காலைல ஸ்டோர்ல எடுப்போம். ஒரு நாளைக்கு 18 பம்பு." முதுகுப் பம்பைப் பதினெட்டு தடவை நிரப்பி அடித்த கணக்கு அது.

அதன் கீழே நீல மையில் டாக்டர் சுகுமாறனின் அழகான கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நாள்பட்ட ஆஸ்துமா. 22 ஆண்டுகளாக மருந்து. ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை இன்ஹேலர்.

இளைப்புக்காரர்கள் வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலரையும் எங்கள் பக்கம் பம்பு என்றுதான் சொல்கிறோம். அதற்காக, ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை இழுத்தால் மனுஷி இருப்பாளா? ஸ்டோரில் எடுப்போம் என்ற வாக்கியம் எங்கே போனது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி அதை விழுங்கியிருந்தார்.

என்ன வேலை என்ற கேள்விக்கு அம்மா "வெளிக்காடு" என்றிருந்தாள். களை வெட்டுவது, உரம் போடுவது, மருந்தடிப்பது என்று தோட்டத்தின் வெளிவேலை எல்லாம் வெளிக்காடுதான். அதை அவர் 'காட்டில் தற்காலிக வேலை' என்று எழுதியிருந்தார். என் அம்மா என்ன, தேன் எடுக்கவா போனாள்?

மற்றப் படிவங்களையும் தரையில் பரப்பினோம். நாற்பத்தேழு பெண்கள் அதே கேள்விக்கு ஆமாம் என்றிருந்தார்கள். பன்னிரண்டு பம்பு, பதினைந்து பம்பு, இருபது பம்பு. ஒருத்தி மட்டும் உண்மையை மறைக்காமல், "மண்டோர் பக்கத்துல இல்லன்னா பத்து" என்றிருந்தாள். மண்டோர் என்றால் கங்காணி. நீல மை அதற்கும் கலங்கவில்லை: 'கண்காணிப்பு இல்லாதபோது பத்து முறை.'

நான் சிரித்தேன். சிரித்த வாயோடு அழுகையும் வந்தது.

நாற்பத்தேழு பேரையும் 'ஏற்கெனவே நோயாளிகள்' என்று ஆய்விலிருந்து நீக்கியிருந்தார். மிஞ்சிய அறுபத்தைந்து பேரும் உதிரிப் பழம் பொறுக்கியவர்கள். அதை வைத்து அவர் கண்ட முடிவு, பெண்கள் பெரும்பாலும் களைக்கொல்லியைத் தொடுவதில்லை, பயிற்சி ஆண்களுக்கு மட்டும் போதும் என்பது. மருந்தடித்த அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டே, அந்த முடிவை நம்பிப் பத்து வருடம் நானும் ஆண்களை மட்டும் உட்காரவைத்துக் கையுறை போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வெட்கத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

"மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமா?" என்று அகொசுவா கேட்டாள்.

"ஒரே சொல்தான். உடம்புக்கும் அதுதான், களைக்கும் அதுதான். மலாய்க்காரர்கள் ராச்சூன் என்கிறார்கள். ராச்சூன் என்றால் விஷம். அதே தோம்பு, அதே தண்ணீர். நாங்கள்தான் மருந்து என்கிறோம்."

"எங்கள் மொழியில் அதற்கு அடுரோ என்று பேர்" என்றாள் அகொசுவா. "காய்ச்சலுக்கும் அடுரோ. என் அம்மா முதுகில் சுமப்பதும் அடுரோ. அடுத்த மாதம் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டால் அவளும் ஆமாம் என்றுதான் சொல்வாள்."

மத்தியானம் படிவங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். டாக்டர் சுகுமாறன் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் அறை மூலையில் ஒரு தொட்டியும் குழாயும் உண்டு. யார் வந்து போனாலும் கழுவுவார். சுத்தக்காரர் என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கு இந்தப் படிப்பில் இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதை மறுக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் படிவத்தை நீட்டினேன். படித்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"ஓ. இது டிரான்ஸ்லேஷன் லிமிட்டேஷன். எல்லா ஆய்விலயும் வரும்ங்க ஏஞ்சலா."

"லிமிட்டேஷன் இல்ல சார், தப்பு. நாற்பத்தேழு பேரு. திருத்தி ஒரு கடிதம் குடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"இன்டர்நேஷனல் ஜர்னல்ல வந்த பேப்பர். அறுபது பேரு மேற்கோள் காட்டிருக்காங்க. கானா புராஜெக்ட்டே அதை வச்சுத்தான் ஓடுது. அடுத்த மாசம் எனக்குப் பேராசிரியர் நேர்காணல். இப்பப் போயி முடிவே தப்புன்னு எழுதச் சொல்றீங்களா?"

"ஆமா சார். அதைத்தான் சொல்றேன்."

"நான் கூலாய் டவுன்ல வளந்தவன். எஸ்டேட் பேச்சு எனக்கு எப்படித் தெரியும்?"

புஷ்பவள்ளி அக்காவின் படிவத்தை எடுத்து மேசையில் போட்டேன். அம்மாவோடு பம்பு தூக்கியவர் அவர். குடும்ப விவரத்தில், "தங்கச்சி மருந்து குடிச்சு செத்துட்டா" என்று சொல்லியிருந்தார். நீல மை: 'சகோதரி சிகிச்சையின்போது மரணம்.'

"டவுன்ல வளந்தா என்ன சார்? தமிழன்தானே நீங்க? ஒருத்தி மருந்து குடிச்சு செத்துட்டான்னு சொன்னா, இருமல் மருந்துன்னா நெனப்பீங்க? உலகத்துல எந்தத் தமிழனுக்கு இது புரியாது?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோபப்படாதீங்க. உங்க அம்மா விஷயம் எனக்கு வருத்தமா இருக்கு. அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு கடிதம் தர்றேன். நாற்பத்தொன்னுல மட்டும் எழுத்துப் பிழைன்னு. உங்க வேலையும் முடிஞ்சிரும், படிப்பும் ஒழுங்கா போகும். மத்ததைப் பெருசு பண்ண வேணாம்."

படிப்பும் ஒழுங்கா போகும். அதன் மறுபக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

காறித் துப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். அம்மாவின் மூச்சு என் காதில் கேட்டது. ஒரு கடிதம் போதுமே என்று மனசு நாய்மாதிரி வாலை ஆட்டியது. படியிறங்கும்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அகொசுவாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "உன் அம்மாவுக்கு ஒரு கடிதம். சரி. என் அம்மாவுக்கு யார் கொடுப்பார்கள்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை அவளையும் ஏற்றிக்கொண்டு லாயாங் லாயாங் போனேன். கூலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. "எங்கள் ஊர்மாதிரியே இருக்கிறது, சாலை மட்டும் நன்றாக இருக்கிறது" என்றாள். பேச்சு திரும்பியதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அம்மா ரயில் நிலையத்துக்குப் பின்னால், தாமான் குடியிருப்பின் சிறிய வீட்டில் இருக்கிறாள். தோட்டத்து வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தபிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு இங்கே வந்தது. அகொசுவாவைப் பார்த்ததும் அரிசிச் சேமியா மீகூன் தட்டை அவள் கையில் திணித்தாள். இந்தப் பொண்ணு ஊரிலிருந்துதான் செம்பனை மரம் வந்தது என்று நான் சொன்னேன்.

"ஓஹோ! இந்த மரத்த அனுப்பிச்சது நீங்கதானா? நல்லா அனுப்பிச்சீங்க போங்க!" என்று அம்மா அவள் தோளில் ஒரு அடி போட்டாள். நான் மொழிபெயர்த்ததும் அகொசுவா கையெடுத்து மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு படிவத்தைப் படித்துக் காட்டினேன். பதினெட்டு முறை இன்ஹேலர் என்றதும் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி! பதினெட்டு இழுத்தா நான் உங்கப்பன் பக்கத்துல கல்லறையில படுத்திருப்பேன்லா!"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், முகம் கறுத்துப்போய், கைப்பையைத் துழாவினாள். இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்த பிறகுதான் நிமிர்ந்தாள். அவள் மூச்சு சீராகும்வரை நானும் அகொசுவாவும் அசையாமல் நின்றோம்.

தனிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"எனக்கு மட்டுமா?"

"ஆமாம்மா."

"புஷ்பவள்ளிக்கு?"

நான் படிவத்தைப் பைக்குள் வைத்தேன்.

"நானும் அவளும் ஒரே தோம்புல மருந்து கலக்கினோம்டி. கையுறை கிடையாது, குச்சி கிடையாது, கையாலதான் கலக்குவோம். எம் பம்பு ஒழுகினா அவ தொடைப்பா, அவ பம்பு ஒழுகினா நான் தொடைப்பேன். அவளுக்கு இல்லாத கடுதாசி எனக்கு எதுக்கு? கொண்டுபோயி அடுப்புல வையி." மூச்சு வாங்கினாள். "அந்த சாரு எப்ப இருப்பாரு? நான் வர்றேன்."

"நீ எதுக்கும்மா? நான் பேசிக்கிறேன்."

"நீ பேசித்தானே ஒத்தக் கடுதாசியோட வந்து நிக்கிற?"

சுருக்கென்று தைத்தது. என்ன செய்வது, உண்மைதான்.

அம்மாவோடு வருகிறேன் என்று டாக்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வியாழக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேரும் போய் நின்றோம். மின்தூக்கி பழுது. நான்கு மாடியை அம்மா ஏழு இடத்தில் நின்று ஏறினாள். அந்த ஏழு இடத்திலும் அந்த மனிதரை நான் மனசுக்குள் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது.

டாக்டர் எழுந்து நின்று வணங்கினார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. "வாங்கம்மா, உட்காருங்க. கடிதம் ரெடி பண்ணிட்டேன்." நாற்பத்தொன்றுக்கு மட்டுமான அந்த ஒற்றைத் தாள் மேசையில் தயாராக இருந்தது.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, கக்கத்தில் ஒரு பெரிய நோட்டு. அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன். யாரோ பெரியவர் என்று விட்டுவிடுவேன்.

"இது மதிவாணன் கிராணிதானே?" என்றாள் அம்மா.

டாக்டரின் கை மேசையிலேயே நின்றது.

"இவ கைப்புள்ளையா இருக்கிறப்ப எங்க ரெண்டாம் டிவிஷன் கிராணி. எங்களுக்குப் பெரட்டு எடுத்தவரு. நீங்க அவரு மகனா தம்பி?"

"ஆமாம்மா" என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

கூலாய் டவுன். எஸ்டேட் பேச்சு தெரியாது. காலையில் ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுத்து எங்கள் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிய கிராணியின் மகன், எனக்கு முன்னால் உட்கார்ந்து வாய் கூசாமல் சொன்ன பொய் அது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்தினாள்.

"மருந்து ஸ்டோரு உங்க வீட்டுக்குப் பின்னாலதான் தம்பி. நாங்க பம்பு இறக்கிட்டு வர்ற வழியில உங்க வீட்டுக் குழாயி. வேற குழாயி லயத்துக்குத்தான் போகணும், ஒரு மைலு. கை எரியும். ஒரு கை தண்ணி அள்ளிக்கலாம்னு வருவோம். உங்கம்மா விடமாட்டாங்க. 'மருந்துக் கை! மருந்துக் கையோட குழாயத் தொடாதீங்க!'ம்பாங்க. பாவம், அவங்கள நான் தப்பு சொல்லல. புள்ளைங்க இருக்கிற வீடு."

"அம்மா, எனக்கு அதெல்லாம் ஞாபகம்…"

"நீங்க சின்னப் புள்ள. எட்டு வயசு இருக்கும், நீலக் கால்சட்டை. குழாயடியிலதான் வெளையாடிக்கிட்டு இருப்பீங்க. எங்கள முதல்ல பாக்கிறது நீங்கதான். பாத்ததும் வீட்டைப் பாத்துக் கத்துவீங்க: 'ம்மா, மருந்துக் கை வருது! மருந்துக் கை வருது!'" அம்மா நிறுத்தி மூச்செடுத்தாள். "அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே தம்பி, எந்த மருந்துன்னு. படிச்சதும் மறந்துபோச்சா?"

அகொசுவாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனாலும் அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பேசினேன். குரல் உயர்ந்துதான் போயிற்று, அடக்கவில்லை.

"நாற்பத்தேழு பேரு சார். இந்தப் பதிமூணு வருஷத்துல பதினோரு பேரு செத்துட்டாங்க, நேத்து அம்மாவோட உக்காந்து எண்ணினேன். பேரைச் சொல்லவா? நேர்காணல் இருக்குன்னீங்களே, அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடாட்டிப் போங்க. இதுல போடுங்க. அந்தப் பதினொன்னாம் கேள்வி கானாவுக்குப் போகக் கூடாது. அதையும் எழுதுங்க."

அவர் அந்த ஒற்றைத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். கணினியைத் தன் பக்கம் திருப்பினார். தட்டச்சு செய்ய அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. நாற்பத்தேழு எண்களையும் ஒவ்வொன்றாகப் படிவத்தைப் பார்த்து அடித்தார். 'இவர்கள் அனைவரும் களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் இருந்தவர்கள். மருந்து என்ற சொல்லை மொழிபெயர்த்தவன் நான். பிழை என்னுடையது' என்று எழுதினார். பதினொன்றாம் கேள்வியை நீக்குவதாகக் கானாவுக்கு ஒரு மின்னஞ்சல். அகொசுவா அவர் தோளுக்குப் பின்னால் நின்று அது போகும்வரை பார்த்தாள். அவள் முகத்தில் அப்போதும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அதை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பழைய படிவம் தன்னுடையதுதான் என்று அம்மாவும் அதில் ஒரு ரேகை வைக்க வேண்டியிருந்தது. முத்திரை மைப்பெட்டியை அவளிடம் நகர்த்தினார். அம்மா கட்டைவிரலை அழுத்தி எடுத்து, 2011இன் ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தாளில் பதித்தாள்.

விரல் முழுக்க நீல மை. துடைக்கத் துணி தேடினாள். டாக்டர் மூலையில் இருந்த குழாயைக் காட்டி, "அங்க கழுவிக்குங்கம்மா" என்றார்.

அம்மா எழுந்து தொட்டிவரை போனாள். குழாய்க்கு முன்னால் நின்றாள். மை படாத கையால் மை பட்ட கையைப் பிடித்துக்கொண்டு, எதிலும் பட்டுவிடாமல் தூக்கியபடி, அவர் பக்கம் திரும்பினாள்.

"தொடலாங்களா தம்பி?"

அவள் குத்திக் காட்டவில்லை. கேலி செய்யவில்லை. நிஜமாகவே அனுமதி கேட்டாள். இருபத்திரண்டு வருடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தண்ணீர் தொட்டிக்கு வெளியே தெறித்தது, தரை நனைந்தது, அவருடைய கோப்புகள் நனைந்தன. அம்மா நிதானமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.